தலைக்கட்டு வரியும் எம்.பி.ஏ. பட்டமும்

திருநெல்வேலிச் சீமையில் கொடை என்றால் கோயில் திருவிழா. அம்மன் கொடை, சுடலைமாடன் கொடை, மதியக் கொடை, சாமக் கொடை. கொடுப்பதைக் குறிக்கும் சொல்லே விழாவுக்குப் பெயராகிவிட்டது. விழாவுக்கு ஊரார் தரும் பணத்தையோ நன்கொடை என்று யாரும் சொல்வதில்லை. அதற்கு வரி என்று பெயர். தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, இவ்வளவு என்று கமிட்டி கூடி முடிவு செய்யும். ரசீதுப் புத்தகத்தோடு இரண்டு பேர் வீடு வீடாக வரி பிரிக்க வருவார்கள். வெளியூரில் இருப்பவருக்குப் போன் வரும்.

எங்கள் ஊர் ஆடிக் கொடைக்கு நான் சம்பாதிக்கத் தொடங்கிய நாளிலிருந்து வரி கொடுத்து வருகிறேன். அவற்றில் பாதிக்கு மேற்பட்ட கொடைகளுக்கு நான் ஊரிலேயே இல்லை. வில்லுப்பாட்டு கேட்கவில்லை, படைப்புச் சோறு சாப்பிடவில்லை. ரசீது மட்டும் வந்து சேரும்: ரோஸ் நிறத் தாள், மேலே மங்கலாக அம்மன் படம், நடுவில் என் அப்பாவின் பெயர். அப்பா இறந்து பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. ரசீதில் இன்னும் அவர் பெயரை எழுதி, பக்கத்தில் 'மகன்' என்று சேர்த்துவிடுகிறார்கள். ஏன் கொடுக்க வேண்டும் என்று ஒரு முறைகூட நான் கேட்டதில்லை.

பாளையங்கோட்டையில் நான் எம்.பி.ஏ. படித்த கல்லூரிக்கு இத்தனை ஆண்டுகளில் ஒரே ஒரு முறை பணம் கொடுத்திருக்கிறேன். என்னோடு படித்தவர்களில் நல்ல நிலையில் இருப்பவர்கள் பலர். அவர்களும் அப்படித்தான். நன்றி கெட்டவர்கள் என்று எங்களைத் திட்டுவது எளிது. அப்படித் திட்டுபவர்கள், அதே ஆட்கள் ஊர்க் கொடைக்கு மட்டும் தேதி தவறாமல் பணம் அனுப்புவது ஏன் என்பதையும் சேர்த்து விளக்க வேண்டும்.

வணிகப் பள்ளிகளுக்குப் பட்டதாரிகள் திருப்பிக் கொடுக்கும் கதைகளில் பெரிய தொகைகள்தான் செய்தியாகின்றன. 2008இல் டேவிட் பூத் சிகாகோ பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளிக்கு 30 கோடி டாலர் கொடுத்தார்; பள்ளிக்கு அவர் பெயரே வந்தது. 2006இல் நைக்கி நிறுவனத்தின் ஃபில் நைட் ஸ்டான்ஃபோர்டு வணிகப் பள்ளிக்கு 10.5 கோடி டாலர் அறிவித்தார். 2010இல் டாடா குழுமமும் அதன் அறக்கட்டளைகளும் ஹார்வர்டு வணிகப் பள்ளிக்கு 5 கோடி டாலர் கொடுத்தன. ரத்தன் டாடா 1975இல் அங்கே மேலாண்மைப் பயிற்சி பெற்றவர். நம் நாட்டில் ஆமதாபாத் ஐ.ஐ.எம்.மின் பழைய மாணவர்கள் பத்துப் பேர் 2020இல் 100 கோடி ரூபாய் உறுதியளித்து, அந்தக் கல்வி நிறுவனத்துக்கு, முதலைத் தொடாமல் வருமானத்தை மட்டும் செலவிடும் ஒரு மூலநிதியைத் தொடங்கி வைத்தார்கள்.

இவர்களில் பூத்தும் நைட்டும் என் கவனத்தை இழுப்பதற்குத் தொகை காரணமில்லை. நைட் படிக்கும்போது சிறுதொழில் வகுப்பொன்றுக்காக, ஜப்பானிய ஓட்டக் காலணிகளை அமெரிக்காவில் விற்கலாமா என்று ஒரு கட்டுரை எழுதினார். பின்னால் செய்த தொழிலின் விதை அதுதான். பூத், பொருளியல் பேராசிரியர் யூஜின் ஃபாமாவிடம் கேட்ட நிதிச் சந்தைப் பாடத்தையே மூலதனமாக வைத்து முதலீட்டு நிறுவனம் நடத்தினார். இருவருக்கும் தங்கள் செல்வம் எந்த வகுப்பறையில் தொடங்கியது என்று விரல் நீட்டிச் சொல்ல முடிந்தது.

எனக்கும் அப்படி ஒரு வகுப்பு உண்டு. அடக்கவிலைக் கணக்கு நடத்திய பேராசிரியர் பாடப்புத்தகத்தின் தொழிற்சாலை உதாரணங்களை ஒதுக்கிவிட்டு, கல்லிடைக்குறிச்சி அப்பளத்தைக் கரும்பலகைக்குக் கொண்டுவந்தார். உளுந்து என்ன விலை, கூலி எவ்வளவு, மழை பெய்தால் காய வைக்க முடியாத நாள்கள் எத்தனை, எத்தனையாவது கட்டு அப்பளத்தில் நட்டம் நின்று லாபம் தொடங்கும். அப்பளம் போடும் வீட்டுப் பையன் ஒருவன் எழுந்து, "சார், உடைந்துபோகும் அப்பளத்தை விட்டுவிட்டீர்கள்" என்றான். முழுக் கணக்கையும் அழித்து மறுபடி போட்டார். இன்றைக்கும் ஒரு தொழிலின் கணக்கு என் மேசைக்கு வந்தால் உடைந்த அப்பளம் எங்கே என்றுதான் முதலில் தேடுகிறேன். அந்தப் பேராசிரியரின் பெயரால் யாராவது கேட்டிருந்தால் அன்றே கொடுத்திருப்பேன். வந்த கோரிக்கை நுழைவாயில் வளைவு கட்டுவதற்கு.

நன்றி ஒரு காரணம்தான், ஆனால் அது தானாகப் பணமாக மாறாது. இந்தத் துறையில் ஜொனாதன் மீர், ஹார்வி ரோசன் என்ற இரண்டு பொருளியலாளர்கள் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் பழைய மாணவர் கணக்குகளை ஆண்டுக்கணக்கில் கிளறிப் பார்த்திருக்கிறார்கள். 2009இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு கொஞ்சம் சங்கடமானது. பிள்ளை கல்லூரி சேரும் வயதை நெருங்க நெருங்கப் பெற்றோரின் நன்கொடை ஏறுகிறது. பிள்ளைக்கு இடம் கிடைக்காவிட்டால் சரிகிறது. நேர்த்திக்கடன் போலத்தான். மீர் 2011இல் தனியாக வெளியிட்ட ஆய்வு இன்னும் பயனுள்ளது: விடுதியில் ஒரே அறையில் இருந்தவர் கேட்டால் கொடுப்பதற்கான வாய்ப்பு கூடுகிறது. கல்விக்கடன் வாங்கிப் படித்தவர்கள் பிற்பாடு கொடுப்பது குறைவு என்பதையும் இருவரும் 2012இல் காட்டினார்கள். இவை இளங்கலை மாணவர்களைப் பற்றிய ஆய்வுகள்தான். மேலாண்மைப் படிப்புக்குப் பொருத்தினால் தப்பில்லை என்று நினைக்கிறேன்.

ஒரே அறையில் இருந்தவர் என்ற இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அமெரிக்காவில் டார்ட்மத் கல்லூரியின் டக் வணிகப் பள்ளி 1900இல் தொடங்கியது. சிறிய ஊர், கடும் பனி, மாணவர்களும் ஒரே இடத்தில் தங்கிப் படிக்கும் சில நூறு பேர். அதன் பட்டதாரிகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவர்கள் ஆண்டுதோறும் ஏதாவது கொடுத்துவிடும் வழக்கம் பல ஆண்டுகள் நீடித்தது. பெரும்பாலான கல்லூரிகளுக்கு இதில் பாதிகூடக் கனவு. ஒவ்வொரு ஆண்டு வகுப்புக்கும் அதே வகுப்பில் படித்த சிலர் பொறுப்பேற்று மற்றவர்களைக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். எங்கள் ஊர் மொழியில் சொன்னால் வரி பிரிக்க ஆள் இருக்கிறது. அந்த ஆள் சொந்தத் தெருக்காரராகவும் இருக்கிறார்.

மேலாண்மைப் படிப்புக்கென்று தனியாக ஒரு சுயநலக் கணக்கும் உண்டு. மருத்துவருக்கு நோயாளிதான் சாட்சி. எந்தக் கல்லூரி என்பது சில ஆண்டுகளில் மறந்துவிடும். எம்.பி.ஏ. பட்டத்தில் கல்லூரியின் பெயரே பாதிச் சரக்கு. பெயர் ஏறினால் இருபது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய பட்டத்தின் மதிப்பும் சேர்ந்து ஏறும். பெயர் கெட்டால் உங்கள் தகுதிப் பட்டியலில் அந்த ஒரு வரி பாரமாகிவிடும். ஆகவே பழைய மாணவர் கல்லூரிக்குக் கொடுப்பது ஓரளவுக்குத் தன் சொத்துக்கு வெள்ளையடிப்பதுதான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பஜார் வியாபாரிகள் சேர்ந்து தெருவுக்கு விளக்குப் போட்டாலும் வெளிச்சம் எல்லாருக்கும்தானே.

பெயர் ஆசையைப் பற்றி நம்மவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கோயிலுக்குக் குழல்விளக்கு வாங்கிக் கொடுத்து, வெளிச்சம் வெளியே வராத அளவுக்கு அதன்மேல் உபயதாரர் பெயரை எழுதி வைத்திருப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆனால் 2007இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளியில் இதற்கு நேர் எதிரான ஒன்று நடந்தது. பழைய மாணவர்கள் 13 பேர் சேர்ந்து 8.5 கோடி டாலர் கொடுத்தார்கள். நிபந்தனை ஒன்றே: அடுத்த 20 ஆண்டுகளுக்குப் பள்ளிக்கு யார் பெயரையும் வைக்கக் கூடாது. பொதுவில் இருப்பது பொதுவிலேயே இருக்கட்டும் என்பதற்கு அவர்கள் கொடுத்த விலை அது. பின்னால் வேறு சிலரும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொண்டார்கள். எனக்கு அந்த இருபது ஆண்டு என்பது பிடித்திருக்கிறது. என்றென்றைக்கும் என்று பெரிய வாக்குக் கொடுக்காமல், தங்கள் கைக்கு எட்டிய காலத்துக்கு மட்டும் கட்டிப்போட்டிருக்கிறார்கள்.

பெயர் நிலைத்தாலும் ஆள் நிலைப்பதில்லை என்பதும் உண்மை. திருநெல்வேலியில் ம.தி.தா. இந்துக் கல்லூரியின் பெயரை நாளும் எத்தனையோ பேர் சொல்கிறார்கள். மதுரை திரவியம் தாயுமானவர் என்று விரித்துச் சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர்?

மூலநிதி என்பது ஹார்வர்டில் பிறந்த யோசனை என்று நினைப்பவர்கள் அம்பாசமுத்திரம் வரை ஒரு நடை போய்வரலாம். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட வரகுண பாண்டியன் கல்வெட்டு ஒன்று அங்கே கிடைத்தது. கோயிலின் அன்றாட அமுதுபடிக்காக மன்னன் 290 காசுகளை இளங்கோக்குடிச் சபையாரிடம் ஒப்படைக்கிறான். முதலுக்குக் கேடு வராமல் பொலியை மட்டும் எடுத்துச் செலவிட வேண்டும் என்பது ஏற்பாடு. பொலி என்றால் வட்டி. காசுக்கு ஆண்டுக்கு இரண்டு கலம் நெல், மொத்தம் 580 கலம். அந்த நெல்லில் எந்த வேளைக்கு என்ன படைக்க வேண்டும் என்பது அரிசி, நெய், தயிர், பாக்கு வரைக்கும் கல்லிலேயே இருக்கிறது. ஆமதாபாத் பத்துப் பேரின் ஏற்பாட்டுக்கும் இதற்கும் உள்ளடக்கத்தில் வேறுபாடு அதிகமில்லை. முதல், வட்டி, பொறுப்பேற்கும் சபை, செலவின் விவரம். நான்காவதைக் கல்லில் வெட்டி வைத்தார்கள் என்பதுதான் விசேஷம். யாரும் போய்ப் படிக்கலாம்.

கல்விக்கென்று இப்படிக் கூட்டாகக் கொடுத்த வழக்கமும் பக்கத்திலேயே இருந்தது. சிவகாசியும் சாத்தூரும் 1910இல் ராமநாதபுரம் மாவட்டம் உருவாகும்வரை திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தன. அந்தக் கரிசல் ஊர்களில் நாடார் வணிகர்கள் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்து, உறவின்முறை என்ற தங்கள் சாதிச் சங்கத்தின் பொதுநிதியில் சேர்த்தார்கள். விருதுநகரில் 1889இல் தொடங்கிய சத்திரிய வித்யாசாலை அத்தகைய பொதுப்பணத்தில் வளர்ந்தது. அதற்காகப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைத்தார்கள். பிடி அரிசி கொடுத்த எந்தப் பெண்ணும் அந்தப் பள்ளியில் படித்தவளில்லை. தன் பிள்ளை படிக்கும், தன் தெருப் பிள்ளை படிக்கும் என்பது போதுமானதாக இருந்தது. காமராஜர் படித்தது அங்கேதான்.

இவ்வளவு பழக்கம் உள்ள மண்ணில் எம்.பி.ஏ. படித்தவனின் கை மட்டும் ஏன் நீளவில்லை?

முதலில் நாங்கள் படித்த விதம். எங்கள் வகுப்பில் விடுதியில் தங்கியவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். மற்றவர்கள் தினமும் வந்து போனவர்கள். நான் அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து செங்கோட்டை பாசஞ்சரில் வருவேன். அப்போது மீட்டர்கேஜ் பாதை. வீரவநல்லூரில் ஒரு கூட்டம் ஏறும், சேரன்மகாதேவியில் இன்னொரு கூட்டம். பாலிடெக்னிக் மாணவர், கோர்ட் குமாஸ்தா, பூ விற்கப் போகும் அம்மா, நாங்கள். சீட்டுப் பிடிப்பது, நோட்டை மாற்றிக்கொள்வது, காதல் கடிதத்துக்குத் திருத்தம் சொல்வது எல்லாம் அந்த ரயில் பெட்டியில்தான். சாயங்கால வண்டியைத் தவறவிட்டால் இரவாகிவிடும் என்பதால் கடைசி வகுப்பு முடியும் முன்பே பாதி வகுப்பு காலி. கல்லூரியோடு எங்களுக்கு ஏற்பட்டது வகுப்பறை உறவு. நட்பு விளைந்த இடம் தண்டவாளம். பழைய மாணவர் கூட்டத்தைக் கல்லூரிக் கலையரங்கில் வைக்காமல் பாசஞ்சர் வண்டியில் வைத்திருந்தால் எல்லாரும் வந்திருப்பார்கள் என்று ஒரு நண்பன் சொன்னான். கேலிக்குச் சொன்னாலும் அதில் விஷயம் இருக்கிறது.

அடுத்தது கட்டணம். இன்று நெல்லை, தென்காசி, தூத்துக்குடி வட்டாரத்தில் எம்.பி.ஏ. நடத்தும் இடங்களில் பெரும்பாலானவை சுயநிதிக் கல்லூரிகள் அல்லது பழைய கல்லூரிகளின் சுயநிதிப் பிரிவுகள். 1990இல் தொடங்கிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் துறையும் அண்ணா பல்கலைக்கழகத்தின் வட்டார வளாகமும் போன்ற அரசு சார்ந்த இடங்கள் சில உண்டு. சுயநிதியில் படித்த பையனின் மனக்கணக்கு நேரானது: கேட்ட பணத்தைக் கட்டினேன், பட்டம் வாங்கினேன், பற்று வரவு தீர்ந்தது. மளிகைக் கடைக்காரருக்கு யாராவது நன்கொடை கொடுப்பார்களா? கல்லூரி ஓர் அறக்கட்டளையின் பெயரில் இருந்தாலும் அதை ஒரு குடும்பத்தின் சொத்தாகத்தான் ஊர் பார்க்கிறது. ஊர் பார்வை பல இடங்களில் சரியும்கூட. அதற்கு மேல் வங்கிக் கடன். படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தவணை தொடங்கும். வசூல் கடிதம் அப்பாவின் முகவரிக்குப் போகும். தவணை கட்டும் அந்த ஆண்டுகளில் கல்லூரியிலிருந்து 'அன்புள்ள முன்னாள் மாணவரே' என்று கடிதம் வந்தால் என்ன தோன்றும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நான் ஒரு முறை கொடுத்த கதைக்கு வருகிறேன். வெள்ளிவிழாச் சந்திப்பில் எங்கள் வகுப்பு சேர்ந்து நூலகத்துக்குக் கணினிகள் வாங்கித் தந்தது. பொன்னாடை போட்டார்கள், படம் எடுத்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து வேறு வேலையாகப் போனபோது அந்த அறை பூட்டியிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கணினிகள்மேல் துணி போர்த்தியிருந்தது. எங்கள் வகுப்பின் பெயரை எழுதிய பித்தளைத் தகடு மட்டும் துடைத்துச் சுத்தமாக இருந்தது. சாவி யாரிடம் என்று கேட்டேன். விடுமுறையில் இருப்பவரிடம். ரசீது அன்றைக்கும் வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை. அடுத்த ஆண்டு வளைவுக்கு நிதி கேட்டு வந்த கடிதத்தில் என் பெயரின் முதலெழுத்துத் தவறு.

எங்கள் ஊர்க் கமிட்டிக்காரர்களில் கல்லூரிப் படிப்பு உள்ளவர்கள் குறைவு. ஆனால் கொடை முடிந்த எட்டாம் நாள் கோயில் சுவரில் வரவு செலவு ஒட்டப்படும். வில்லிசை, நையாண்டி மேளம், கணியான் கூத்து, பந்தல், கிடா, பூ என்று தனித்தனியாக. கீழே வரிப் பாக்கிக்காரர்களின் பெயர்கள். பந்தலுக்கு இவ்வளவா என்று ஒருவர் சண்டைக்கு நிற்பார். அந்தச் சண்டையும் உரிமையின் அடையாளம்தான். மேலாண்மை கற்பிக்கும் இடத்தில் அந்தச் சுவர் இல்லை.

கொடையை அப்படியே கல்லூரிக்குக் கொண்டுவரலாம் என்று நான் சொல்லவில்லை. தலைக்கட்டு என்பது ஒரு சாதியின் கணக்கு, ஆணின் கணக்கு. பக்கத்துத் தெருக்காரர் அதில் சேர முடியாது. மகள் எவ்வளவு சம்பாதித்தாலும் அவள் தலை எண்ணப்படுவதில்லை. மகமையும் பிடி அரிசியும் அந்த எல்லைக்குள் விளைந்தவைதான். வகுப்பறை அப்படிப்பட்ட இடமில்லை. எல்லாத் தெருவும் வந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்த இடம் பலருக்கு வாழ்க்கையில் அது ஒன்றுதான். அதனாலேயே அந்த உறவுக்குப் பெயரும் இல்லை, பதிவேடும் இல்லை.

பதிவேட்டில் சேராத கொடுக்கல் நிறைய நடக்கிறது. என் வகுப்பில் பலரும் நெல்லை எக்ஸ்பிரஸில் ஒரு பையோடு எழும்பூரில் இறங்கியவர்கள். திருவல்லிக்கேணி மேன்சனில் ஏற்கெனவே மூவர் படுக்கும் அறையில் நான்காவதாகப் பாய் விரித்துக்கொடுத்தவர் எங்களுக்கு இரண்டாண்டு மூத்த மாணவர். காலையில் அவருடைய இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு நேர்காணலுக்குப் போனேன். வேலை கிடைக்கும்வரை மெஸ் டோக்கன் அவர் கணக்கில். அந்தக் கடனை நான் அவருக்குத் திருப்பியதில்லை. எனக்குப் பின்னால் வந்த இரண்டு பேருக்குப் பாய் விரித்தேன். கல்லூரியின் கணக்கில் நாங்கள் எல்லாரும் ஒன்றும் கொடுக்காதவர்கள். உண்மையில் வேலைவாய்ப்புப் பிரிவு செய்ய வேண்டிய வேலையை வாடகை கட்டிச் செய்துகொண்டிருந்தோம்.

சட்டப் பக்கம் சுருக்கமாக. அனுமதி பெற்ற அறக்கட்டளைக்குக் கொடுத்தால் பெரும்பாலும் பாதித் தொகைக்கு வருமானவரிக் கழிவு என்பது பழைய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்கு மட்டும். புதிய முறையில் அந்தச் சலுகை இல்லை. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் பழைய முறையிலும் கிடையாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட நண்பர் பணம் அனுப்ப விரும்பினால் கல்லூரிக்கு வெளிநாட்டு நன்கொடைப் பதிவு இருக்க வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டோடு துபாயில் இருப்பவருக்கு அந்தச் சிக்கல் இல்லை. வரிச் சலுகைக்காக யாரும் கொடுக்கத் தொடங்கி நான் பார்த்ததில்லை. கொடுக்க நினைத்தவர் படிவத்தைப் பார்த்துத் தள்ளிப்போட்டதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு எங்கள் வகுப்பில் ஒருவன், உடைந்த அப்பளம் பற்றிக் கேட்ட அதே ஆள், ஒரு நீள நோட்டு வாங்கினான். கல்லூரியைச் சேர்க்காமல், தேர்வுக் கட்டணம் கட்ட முடியாத மாணவர் இருவருக்கு ஆண்டுதோறும் நாங்களே கட்டுவது என்று ஏற்பாடு. வகுப்புப் பட்டியலை எழுதத் தொடங்கியபோதுதான் தெரிந்தது: ஆண்கள் எல்லாருடைய எண்ணும் கையில் இருந்தது, பெண்கள் பதினாறு பேரில் மூவரின் எண் மட்டுமே இருந்தது. கல்யாணத்தோடு முகவரி மாறி, தொலைபேசி மாறி, சிலருக்கு முதலெழுத்தும் மாறியிருந்தது. கல்லூரி அலுவலகத்தில் இருந்தது அவர்களுடைய அப்பாக்களின் முகவரி. தேடுவதற்கே நான்கு மாதம் ஆயிற்று. வள்ளியூரில் ஒரு வங்கிக் கிளையின் மேலாளராக இருந்த ஒருத்தியைக் கண்டுபிடித்துப் பேசியபோது, "இத்தனை வருஷமாக என்னிடம் யாருமே கேட்கவில்லையே" என்றாள். மறுநாள் பணம் அனுப்பினாள். மூன்றாம் நாள் காலையில் அவளிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி: ரசீது எங்கே?

ரசீதுப் புத்தகம் அடிக்கக் கொடுத்திருக்கிறோம்.